இரண்டு மணிக்குக் கை மாறிய சைக்கிள்

ஓசூரில் எங்கள் அடுக்குமாடியில் மேல் வீட்டுத் தம்பி ஒருவன் இருக்கிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தலைக்கவசம், உடம்போடு ஒட்டிய சட்டை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு கெலவரப்பள்ளி அணை வரைக்கும் சைக்கிளில் போய் வருவான். அந்தச் சைக்கிளின் விலையை அவன் சொன்னபோது நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் அவன் கண்ணில் எங்கள் பழைய சைக்கிள் பட்டுவிட்டது. கீழே தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திச் சாத்தி வைத்திருந்தோம். மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் தட்டினான்.

"ஆன்ட்டி, கீழ இருக்கிற ரேசர் சைக்கிள் உங்களுதா? விண்டேஜ் மாதிரி இருக்கு. ஃபாரின் வண்டியா இருந்தா பெங்களூர்ல கொத்திட்டுப் போயிடுவாங்க."

எனக்கும் ஆசை வந்துவிட்டது, மறைப்பானேன். இத்தனை வருஷமாக எதைச் சொல்லி வீட்டுக்காரரைக் கிண்டல் செய்தேனோ அது திடீரென்று புதையலாகிவிடுமோ என்று, புடவையைச் சரிசெய்துகொண்டு அவனோடு லிஃப்டில் இறங்கினேன். அவன் சாக்கை எடுத்தான். தட்டிப் பார்த்தான், துருவைச் சுரண்டினான், போன் வெளிச்சத்தில் ஏதோ எழுத்தைத் தேடினான். தேடத் தேட முகம் வாடிப்போனது. "சாரி ஆன்ட்டி. சாதாரண இரும்புதான். அந்தக் காலத்துலயே சீப்பான மாடல்" என்றான், ஏதோ அவனே எனக்கு விற்று ஏமாற்றிவிட்ட மாதிரி. கிளம்பும்போது சீட்டைத் தாங்கும் கம்பியைத் தடவிவிட்டு, "இதுல மட்டும் ஏன் ஆன்ட்டி இவ்ளோ கீறல்? யாரோ தெனம் ஏத்தி எறக்கின மாதிரி இருக்கு" என்று கேட்டான்.

யாரோ இல்லை தம்பி, உங்கள் அங்கிள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனுக்கு போன் வந்துவிட்டது. உங்களுக்கு நேரம் இருக்கிறது அல்லவா, உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. நான் நாகரசம்பட்டி, அவர் கல்லாவி. இரண்டு பேருமே அதற்கு முன்பே ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தது கிடையாது. பெண் பார்க்க வந்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "உங்க கம்பெனி கேன்டீன்ல சாப்பாடு நல்லாருக்குமா?" என்பதுதான். உப்பு கம்மியாக இருக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான் எங்கள் முன்னறிமுகம். மத்திகிரியில் வாடகை குறைவு என்று அங்கே குடிபோனோம்.

என் கம்பெனியில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எறும்புத்தலை அளவு திருகாணிகளைப் பொருத்தும் வேலை. பெண்களுக்குக் காலை ஷிஃப்ட் மட்டும்தான். ஆறுக்கு ஏறினால் இரண்டுக்கு இறக்கம். அவர் வேறொரு கம்பெனியில் லேத் மெஷினில் இருந்தார். பிற்பகல் இரண்டரைக்கு ஏறி ராத்திரி பதினொன்றுக்கு இறங்குவார். நான் எழுந்து கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். வார விடுமுறையாவது ஒன்றாக இருக்கக்கூடாதா? அப்போது கடும் கரண்ட் பஞ்சம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நாளில் லீவு விடாமல் லைனுக்கு லைன் மாற்றி விடுவார்கள். எனக்கு ஞாயிறு, அவருக்குப் புதன். புதுப்பெண்டாட்டியும் புதுமாப்பிள்ளையும் வாடகைக்குப் பிடித்த அந்த ஒற்றை அறையில் முறை வைத்துக் குடியிருந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

சைக்கிள் வந்தது அந்த முதல் மாதத்தில். விடியற்காலையில் மத்திகிரியிலிருந்து பஸ் கிடையாது. கம்பெனி பஸ் ஓசூர் பஸ் ஸ்டாண்டோடு சரி. கேரியர் வைத்த கறுப்புச் சைக்கிள் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கி வருகிறேன் என்று பெங்களூர் பழைய சாமான் சந்தைக்குப் போனவர், அத்திப்பள்ளி செக்போஸ்ட் வழியாக இதை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"என்னங்க இது, கெடாக் கொம்பு மாதிரி வளைஞ்சிருக்குது?"

"ரேசர் சைக்கிள். ஓட்டிப் பாரு, காத்து மாதிரி போவும்."

"கேரியர் எங்க?"

"ரேசருக்குக் கேரியர் இருக்காது."

"ஸ்டாண்டு?"

"அதுவும் இருக்காது."

"மணியாவது இருக்குதா?"

ஹேண்டில்பாரில் இடம் தேடுகிற மாதிரி தடவிவிட்டு, "அது வாங்கி மாட்டிக்கலாம்" என்றார். சந்தையில் இருந்ததிலேயே மலிவு இதுதானாம். யாரும் சீந்தாமல் கிடந்ததால் அடித்துப் பேசி வாங்கினாராம். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. பத்தாவது படிக்கும்போது ஊத்தங்கரையில் எவனோ ஒருவன் இந்த மாதிரிச் சைக்கிளில் போனதைப் பார்த்ததிலிருந்து ஆசை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊரில் வாடகைச் சைக்கிளில் மாந்தோப்பு வரப்பெல்லாம் விழுந்து வாரி ஓட்டப் பழகியவள்தான் நான். ஆனால் இது வேறு ஜாதி. குனிந்தால் ரோடு மட்டும் தெரியும், எதிரே வருகிற ஆள் தெரியாது. நிமிர்ந்தால் ஆள் தெரியும், பிரேக் எட்டாது. மத்திகிரி மாட்டுப்பண்ணை ஓரமாக நான் பழகிய ஒரு வாரமும் அங்கே வேலியோரம் நின்ற மாடுகள் மேய்வதை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கம்பெனியில் யூனிஃபாரம் என்று கொடுத்த சுடிதார்தான் என்னைக் காப்பாற்றியது. என் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட சுடிதாரும் அதுதான். புடவையோடு அந்தக் குறுக்குக் கம்பியைத் தாண்டியிருந்தால் ஓசூரே கூடியிருக்கும்.

டயரோ சாட்டைக்கயிறு மாதிரி மெலிசு. அதற்கு டியூப் ஓசூரில் கிடைக்காது, பெங்களூருக்கோ அத்திப்பள்ளிக்கோ போக வேண்டும். ஒரு டியூபுக்காக மாநிலம் விட்டு மாநிலம் போன குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். மத்திகிரி பஞ்சர் கடைக்காரர் எங்கள் சைக்கிள் தூரத்தில் வரும்போதே கையெடுத்துக் கும்பிடுவார். இன்றைக்கும் எங்காவது பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை வந்தால் எனக்கு அந்த முதல் வருஷம்தான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ, எனக்கு இது. என்ன செய்வது.

ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு இரண்டு பேர் எப்படி வேலைக்குப் போனீர்கள் என்று கேட்பீர்கள். விடியற்காலையில் எனக்கு பஸ் இல்லை, மத்தியானம் உண்டு. அவருக்கு மத்தியானம் பஸ் உண்டு, ராத்திரி இல்லை. அதனால் காலையில் நான் சைக்கிளில் போவேன். இரண்டு மணிக்கு அவர் பஸ்ஸில் வந்து என் கம்பெனி கேட்டில் நிற்பார். சைக்கிளை அவரிடம் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறுவேன். அவர் அதை ஓட்டிக்கொண்டு தன் கம்பெனிக்குப் போய், ராத்திரி அதிலேயே வீடு வருவார். தொழிற்பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்த பையன்கள் பலபேர் இப்படி ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஒரு சைக்கிளை ஓட்டியவர்கள்தான். புருஷன் பெண்டாட்டி ஓட்டியது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதில் ஒரே தொல்லை உயரம். அவர் பனைமரம். நான் அவர் தோளுக்குக் கீழே நிற்கிறவள். அவர் சீட்டில் எனக்குக் கால் எட்டாது, என் சீட்டில் அவருக்கு முழங்கால் நெஞ்சில் இடிக்கும். அதனால் ஒரு ஸ்பேனரைச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருப்பார். கேட்டில் சைக்கிளை வாங்கியதும் போல்ட்டைத் தளர்த்திச் சீட்டை ஏற்றி முறுக்குவார். ராத்திரி வீடு வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், வாசலிலேயே குந்தி உட்கார்ந்து எனக்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் முறுக்கினால் என் கைக்கு அந்த போல்ட் அசையாது, லேத்தில் பழகிய கை. காலையில் கதவைத் திறந்தால் சுவரில் சாய்ந்து, எனக்கென்று இறங்கி நிற்கும் சீட். பேசிக்கொள்ள நேரமில்லாத நாட்களில் அவர் என்னிடம் சொன்னதெல்லாம் அதுதான் என்று எடுத்துக்கொள்வேன்.

பேசிக்கொண்டதெல்லாம் இரண்டு மணிக்கு. நான் கேட்டைத் தாண்டி வருவதற்கும் அவர் ஷிஃப்டுக்கு ஓடுவதற்கும் நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம். எங்கள் வாட்ச்மேன் கன்னடக்காரர். என் வீட்டுக்காரர் தலை தெரிந்ததும் "பந்த்ரு நோடம்மா, நிம் யஜமான்ரு" என்று எனக்கு முன்னால் ஊருக்கே அறிவிப்பார். வந்துவிட்டார் பாரம்மா என்று அர்த்தம். யஜமானர் என்றால் அவர்கள் பாஷையில் வீட்டுக்காரர். கூட வருகிற பெண்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். எதிரே இருந்த பேக்கரியில் ஆளுக்கொரு டீ, ஒரு பன்னில் பாதிப் பாதி. அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதும், சின்ன வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்தார் என்பதும், என் சமையலில் காரம் அதிகம் என்று சொல்லத் தயங்கி ஒரு மாதம் தண்ணீராகக் குடித்துத் தள்ளினார் என்பதும் எனக்கு அந்த பேக்கரி வாசலில்தான் தெரியவந்தன. அவர் குளித்துவிட்டு, சோப்பு வாசனையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு வருவார். ராத்திரி என் தூக்கத்துக்குள் வருகிறவரிடம் லேத் ஆயில் வாசனை அடிக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மனசுக்குப் பிடிபடவே கொஞ்ச நாள் ஆனது எனக்கு.

மார்கழியில் மாமனார் கல்லாவியிலிருந்து வந்தார். ராகி ஒரு மூட்டை, கொள்ளு ஒரு பை, ஒரு பூசணிக்காய். நல்ல மனுஷர், என்னை 'அம்மா' என்று தவிரக் கூப்பிட்டதில்லை. இரண்டு நாள் எங்கள் குடித்தனத்தைப் பார்த்தார். நான் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவதையும், மகன் தனியாகப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதையும், நான் வரும்போது வீடு பூட்டிக் கிடப்பதையும் பார்த்துவிட்டு மகனிடம் சொல்லிவிட்டார்.

"ஒரே ஊட்ல இருந்துக்கினு மூஞ்சியக்கூட பாத்துக்க மாட்டேங்கறீங்க. இது என்னாடா குடும்பம்? தை பொறந்ததும் அந்தப் பொண்ண வேலைய உட்டுறச் சொல்லு."

இதை மறுநாள் இரண்டு மணிக்கு பேக்கரி வாசலில் அவர் என்னிடம் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்கு அப்ளிகேஷன் போட்ட நாளிலிருந்து அம்மாவோடும் அண்ணன்களோடும் சண்டை போட்டு வாங்கிய வேலை அது. இன்னும் சில மாதத்தில் பெர்மனன்ட் ஆகப்போகிறேன். மாமனார் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. இவர் என்ன நினைக்கிறார்? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. யோசிக்கலாம்."

"யோசிக்கறதுக்கு என்னா இருக்குது இதுல?"

அவர் ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, அவர் பங்கு பன்னையும் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய் பஸ் ஏறிவிட்டேன். பஸ்ஸில் அதைத் தின்றுகொண்டே அழுதேன். கோபத்தில் பசி எடுக்கிற உடம்பு இது, இன்றும் அப்படித்தான்.

மறுநாள் விடியற்காலை கதவைத் திறந்தால் பனி. சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது. சீட் இறங்கவில்லை. அவர் உயரத்துக்கே நிமிர்ந்து நிற்கிறது.

ஒரு நாள்கூடத் தவறாதவர். அசதியா? அசதி எல்லா நாளும்தானே இருக்கிறது. யோசிக்கலாம் என்றாரே, யோசித்துவிட்டார், வாயால் சொல்ல முடியாமல் இப்படிச் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. போகாதே என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? உள்ளே போய் எழுப்பிக் கேட்டிருக்கலாம். எழுப்பினால் அழுதுவிடுவேன் என்று போகவில்லை. திண்டாடிக்கொண்டு நிற்கும்போது, வாசலோரம் படுத்திருந்த மாமனார் கம்பளியை விலக்கிப் பார்த்தார்.

"அவ்ளோ ஒயரத்துல எப்பிடிம்மா போவ?"

"போவேன் மாமா."

போனேன். வாசற்படிக்கல்லில் ஏறி நின்று காலைப் போட்டேன். பெடல் கீழே போகும்போது கால் விரல் நுனிகூடத் தொடாது. இடது பக்கம் ஒரு சாய்வு, வலது பக்கம் ஒரு சாய்வு, முக்கால்வாசி தூரம் நின்றுகொண்டே மிதித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. காலூன்ற முடியாமல் அப்படியே பொத்தென்று விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். ஒரு பால்காரர் தூக்கிவிட்டார். அவருடைய கேனைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினேன். ஆறு அடிக்கும்போது கம்பெனியில் என் இடத்தில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஆனால் அன்றைக்குப் பொருத்திய திருகாணி எல்லாம் கலங்கலாகவே தெரிந்தது.

இரண்டு மணிக்கு, இன்று வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். "பந்த்ரு நோடம்மா" என்று வாட்ச்மேன் குரல் கேட்டது. வந்திருந்தார். யூனிஃபாரம் இல்லை. கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. சாப்பாட்டுப் பையும் இல்லை. கையில் ஸ்பேனரை மட்டும் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி நின்றார்.

நான் சைக்கிளை நீட்டினேன்.

"இன்னிக்கி உனக்கு லீவு இல்லியா?" என்றார்.

"எனக்கு எதுக்கு லீவு?"

"எங்க கம்பெனில கரண்ட் இல்ல, நாளைக்கு லீவுன்னு நேத்து போர்டு போட்டாங்க. பேட்டைக்கே இல்லன்னு நெனச்சேன். உங்களது வேற லைனு போலக்குது." ஸ்பேனரைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "கல்யாணமாயி மொத தபா ரெண்டு பேருக்கும் ஒரே நாள் லீவேன்னு, வெள்ளன எந்திரிச்சி மட்டன் வாங்கியாறலாம்னு சீட்ட எறக்காம வெச்சிட்டேன். எந்திரிச்சிப் பாத்தா நீயும் இல்ல, சைக்கிளும் இல்ல."

அப்போதுதான் என் முழங்கையைப் பார்த்தார். பார்த்தவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து சீட்டை இறக்க ஆரம்பித்துவிட்டார். நான் நிற்கிறேன், அவர் முறுக்குகிறார், பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

"உங்களுக்குத்தான் இன்னிக்கி ஷிஃப்ட் இல்லியே, அப்பறம் எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி ஆச்சே" என்றார், நிமிராமல்.

எனக்கு அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மாமாகிட்ட என்னா சொல்லப் போறீங்க?"

"காலைலயே சொல்லிட்டேன். அவ வேலைய உட மாட்டா, நானும் உடச் சொல்ல மாட்டேன்னு."

"ஏன்னு கேட்டிருப்பாரே?"

அவர் போல்ட்டைக் கடைசிச் சுற்று முறுக்கினார். "அவ வேலைய உட்டுட்டா ரெண்டு மணிக்கு நான் யாரப் பாக்கக் கெளம்பிப் போறதுன்னு கேட்டேன்."

"மாமா?"

"சிரிச்சாரு. 'என்னாடா இது, கல்யாணம் ஆவாதவன் பேசற மாதிரி பேசற'ன்னாரு. அவர ஊருக்கு பஸ் ஏத்தி உட்டுட்டு நேரா இங்க வர்றேன்."

அன்றைக்கு பன் முழுசு முழுசாக ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். குறுக்குக் கம்பியில் உட்கார்ந்துகொள், ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார். ஓசூர் முழுக்கப் பார்க்க அப்படி உட்கார எனக்கு என்ன பைத்தியமா? நான் பஸ்ஸில் ஏறினேன். அவர் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே சைக்கிளில் வந்தார். சீட்டை மறுபடி ஏற்ற நேரமில்லை. எனக்காக இறக்கிய சீட்டில் அந்தப் பனைமரம் முழங்காலை இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு மிதிக்கிறது, வெள்ளைச் சட்டை காற்றில் உப்புகிறது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நிற்கும்போது எட்டிப் பிடித்துவிடுவார். ஜன்னலோரம் வந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு நிற்பார். கண்டக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாரும்மா அந்த ஆளு, தொந்தரவு பண்றானா?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே முதல் தடவை சொல்வது போல இருந்தது. ரேசர் என்று அவர் சொன்னது பொய்யில்லை என்றும் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த வருஷம் நான் பெர்மனன்ட் ஆனேன். இன்னொரு சைக்கிள் வாங்கும் வசதியும் வந்தது. ஏனோ இரண்டு பேரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வாங்கினால் அவர் வீட்டிலிருந்து நேராகத் தன் கம்பெனிக்குப் போய்விடுவார் அல்லவா. அப்புறம் பிள்ளை பிறந்தது, மொபெட் வந்தது, அவருக்கு ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தது. எதற்கெல்லாம் ஏங்கினோமோ அதெல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தது. காலையில் ஒன்றாகக் கிளம்பி, சாயங்காலம் ஒன்றாக வந்து, ஒரே தட்டில் பிள்ளைக்கு ஊட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுத்து. மாமனார் ஆசைப்பட்ட மாதிரியே மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

என் கம்பெனி மூடிப் பல வருஷம் ஆகிறது. கேட் இருந்த இடம் இப்போது மேம்பாலத்தின் அடியில் நிழலாகக் கிடக்கிறது. பேக்கரி இருந்த இடத்தில் செல்போன் கடை. பதினைந்து மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன, பஸ்கள் எந்நேரமும் ஓடுகின்றன, ஓசூரில் யாரும் யாருக்காகவும் ரோட்டில் காத்து நிற்பதாகத் தெரியவில்லை. போனிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். இப்போது இரண்டு பேரும் ராத்திரி பகல் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன், எனக்கு டீ போட்டுக் கொடுக்கிறார், டிவி சத்தத்துக்குச் சண்டை போடுகிறோம். நல்ல மனுஷர்தான், இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் இந்தப் பக்கம் நாற்காலியில், அவர் அந்தப் பக்கம் கட்டிலில். குளித்து, தலையைப் படிய வாரி, இரண்டு பஸ் மாறி, என்னைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் கிளம்பி வருவது மட்டும் இல்லாமல் போய்விட்டது. எங்கிருந்து கிளம்பி வருவார் பாவம், இங்கேயேதான் இருக்கிறார்.